ஷீட்டில் ஏறாத ஆட்டம்: சித்தூர் எல்லைப் பங்குகளின் கோடைக் கூடைப்பந்து லீக்கில் சிறந்தவர் யார்?

சித்தூர் எல்லையோரத்துக் கத்தோலிக்கப் பங்குகள், அதாவது ஒவ்வொரு கோயிலையும் சேர்ந்த மக்கள், அணி அணியாக ஆடும் கோடைக் கூடைப்பந்து லீக் முடிந்த அன்று இரவு சிறந்த ஆட்டக்காரர் கோப்பை 10ஆம் நம்பர் ஜெர்சிக்குப் போனது. தொடர் முழுக்க அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான், அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. ஆனால் இறுதி ஆட்டத்தில் அவர் அணி தோற்றது. ஜெயித்த அணியில் யாரைக் கேட்டாலும், "எங்க 5ஆம் நம்பர் இல்லீன்னா இந்தக் கப்பே இல்லைங்க" என்றார்கள். ஆட்டம் கொஞ்சம் விவரமாகத் தெரிந்தவர்கள் 14ஆம் நம்பரையும் சேர்த்துச் சொன்னார்கள். இந்த மூவரும் எப்படி ஆடினார்கள், அதில் இருவர் ஏன் பரிசுக் கணக்கிலேயே வரவில்லை என்பதை டேபிளில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதியவன் என்ற முறையில் பதிவு செய்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் எழுதும் ஸ்கோர் ஷீட், பந்து ரிங்குக்குள் விழுந்ததையும் விசில் ஊதியதையும் மட்டும்தான் பார்க்கிறது. அதை வைத்து மட்டும் சிறந்தவரைத் தேர்ந்தெடுத்தால் பாதி ஆட்டத்துக்குத்தான் பரிசு கொடுக்கிறோம்.

பெயர்கள் எதுவும் இதில் இல்லை. ஆடியவர்கள் எல்லாரும் வேலைக்கும் படிப்புக்கும் நடுவில் நேரம் ஒதுக்கி வந்தவர்கள். பங்குகளின் பெயரையும் விட்டுவிட்டேன்.

இடம்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கமெல்லாம் நிறைய வீடுகளில் தமிழ்தான் பேச்சு. பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனால் மலையாளம். இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பங்குகளில் பல முன்பு கோவை மறைமாவட்டத்தில் இருந்தவை. 2013 டிசம்பரில் கோவையிலிருந்தும் கோழிக்கோட்டிலிருந்தும் பிரித்து சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவானது. நிர்வாகம் மாறினாலும் பிள்ளைகளின் போக்குவரத்து மாறவில்லை. கல்லூரிக்குக் கோவை, சந்தைக்குப் பொள்ளாச்சி, கம்பெனி வேலைக்குக் கஞ்சிக்கோடு என்றுதான் இன்றும் இருக்கிறது. லீக்கில் யார் ஆடுகிறார்கள் என்பதை இந்தப் போக்குவரத்துதான் தீர்மானிக்கிறது, அதனால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லீக் ஈஸ்டர் முடிந்ததும் தொடங்கி, ஜூன் 1ஆம் தேதி கேரளப் பள்ளிகள் திறப்பதற்குள் முடிந்துவிட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அதனால் ஞாயிறு காலை முதல் பூசை முடிந்தவுடன் சில ஆட்டங்கள், மற்ற நாட்களில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் சில ஆட்டங்கள். இடைவேளையில் சம்பாரம் என்கிற மோர் ஒரு அண்டா நிறைய இருக்கும். உப்பு தூக்கலாகப் போட்டிருப்பார்கள், அது தேவையும்கூட.

இது கோயில் வளாகத்தில் ஆடும் ஆட்டமாக இருப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் உள்ளே அடைந்து கிடந்த மாணவர்களுக்காக பீச் பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் மாட்டி ஆடவைத்தார். அதே ஸ்ப்ரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் ஊர்களுக்கு ஆட்டம் பரவியதில் அந்தக் கல்லூரியில் பயின்ற பி.டி. வாத்தியார்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பத்தடி உயரம் மட்டும் இன்றுவரை மாறவில்லை: 3.05 மீட்டர்.

கோர்ட்டைப் பற்றி

ஆட்டக்காரர்களை எடைபோடும் முன் கோர்ட்டைப் பார்க்க வேண்டும். இறுதி ஆட்டம் நடந்தது கோயிலுக்குப் பின்பக்கம் இருக்கும் சிமென்ட் கோர்ட்டில். அறுவடைக் காலத்தில் அங்கே நெல் காயும், தேர்த் திருவிழாவுக்கு அன்னதானப் பந்தல் நிற்கும். வடக்கு தெற்காகப் போட்டிருக்கிறார்கள். வெளியில் போடும் கோர்ட்டுக்கு அதுதான் சரி, காலையிலும் சாயங்காலமும் வெயில் ஆட்டக்காரர் கண்ணில் நேராக அடிக்காது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோர்ட்டுக்குக் குறுக்கே வீசும். தூரத்திலிருந்து வளைவாகப் போடும் பந்தை அது தள்ளிவிடும். இங்கே வளர்ந்த பையன்கள் அதனாலேயே பந்தைப் போர்டில் தட்டிப் போடப் பழகியிருக்கிறார்கள். ரிங்குக்குப் பின்னால் 59க்கு 45 சென்டிமீட்டரில் ஒரு கட்டம் போட்டிருக்கும், அதன் மேல்மூலைதான் அவர்களுக்குக் குறி. பக்கவாட்டில் நின்று அடிக்கும்போது அந்தப் பந்தைக் காற்று அவ்வளவாகக் கெடுப்பதில்லை.

இன்னொன்று த்ரீ பாயின்ட் கோடு, அதற்குப் பின்னாலிருந்து போட்டால் மூன்று புள்ளி. உலகக் கூட்டமைப்பான ஃபிபா 2010இல் அதை 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளி வைத்தது. இந்தக் கோர்ட்டில் பழைய கோடுதான் இருக்கிறது. அரை மீட்டர் சின்ன விஷயமில்லை. கோவையில் உள்ளரங்கத்தில் 6.75இல் நின்று தினமும் அடித்துப் பழகியவருக்கு இங்கே ஒவ்வொரு த்ரீயும் அரை மீட்டர் பக்கத்தில் கிடைக்கிறது. 10ஆம் நம்பரின் கணக்கைப் படிக்கும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் திறமையை நான் குறைக்கவில்லை. எந்தக் கோட்டிலிருந்து அடித்தாலும் அவர் கை அருமையான கை.

ரிங்குக்குக் கீழே 1.25 மீட்டர் ஆரத்தில் ஒரு அரைவட்டம் இருக்க வேண்டும். அதுவும் இங்கே போடவில்லை. இது ஏன் முக்கியம் என்று இறுதி ஆட்டத்தில் தெரியும். பந்து கைக்கு வந்த அணி எவ்வளவு நேரத்துக்குள் ஷாட் அடிக்க வேண்டும் என்று காட்டும் 24 வினாடிக் கடிகாரமும் கிடையாது, ரெஃப்ரி மனதில் எண்ணிக் கையைத் தூக்கி எச்சரிப்பார். ஜெர்சிகள் பழைய வழக்கப்படி 4 முதல் 15 வரை.

10ஆம் நம்பர்

ஒவ்வொரு அணியும் வெளியாள் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று லீக்கில் விதி. மற்ற எல்லாரும் அந்தந்தப் பங்கின் குடும்பப் பதிவேட்டில் இருப்பவர்களாக இருக்க வேண்டும். 10ஆம் நம்பர் அப்படிச் சேர்ந்தவர். கோவையில் கல்லூரி அணியில் ஆடுகிறார், அவர் அம்மா பிறந்த வீடு இந்தப் பங்கில். லீவுக்குப் பாட்டி வீட்டுக்கு வந்தவரைக் கூப்பிட்டு ஜெர்சி கொடுத்தார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிஎஸ்ஜி கோப்பை மாதிரி அகில இந்தியப் போட்டிகளைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்த பையன் ஒருவர் சிமென்ட் கோர்ட்டில் வந்து ஆடுவது, சுற்றி உட்கார்ந்து பார்க்கும் சிறுபிள்ளைகளுக்குக் கிடைத்த பாக்கியம். ஆட்டம் முடிந்தபின் அவர்களை நிறுத்திவைத்து முழங்கையை எப்படி உள்ளே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அதற்கே ஒரு பரிசு தரலாம்.

அவர் ஆட்டத்தின் பலம் வேகமான ரிலீஸ், அதாவது பந்தைக் கையிலிருந்து விடுவது. பந்து கைக்கு வந்த நொடியில் காலும் தோளும் ரிங்கைப் பார்த்துத் தயாராக நிற்கும். வலது கார்னரும், அதற்குச் சற்று மேலே பக்கவாட்டில் இருக்கும் வலது விங்கும் அவருக்குப் பிடித்த இடங்கள். பலவீனம், பந்து அவரிடம் போனால் திரும்பி வருவது அபூர்வம். இரண்டு பேர் மேலே விழுந்து மறித்தாலும் அடிப்பார். கோட்டை மிதித்துக்கொண்டு அடித்த பந்துகளும் நிறைய. அதற்கு இரண்டு புள்ளிதான். பத்து முறை அப்படி அடித்து மூன்று விழுந்தால் ஆறு புள்ளி, அதே மூன்று கோட்டுக்குப் பின்னாலிருந்து விழுந்திருந்தால் ஒன்பது. எதிரணி ஃபவுல் செய்ததற்காகக் கிடைக்கும் பத்து ஃப்ரீ த்ரோவில் ஆறு விழுந்தாலும் ஆறு புள்ளிதான், ஆனால் இரண்டிரண்டாகக் கிடைக்கும் அந்தப் பத்துக்கு ஐந்து தடவை தாக்கினால் போதும். இந்தக் கணக்கை நம் ஷீட்டில் போடவே முடியாது. விழுந்த பந்துக்கு மட்டும்தான் அதில் இடம் உண்டு. தவறிய ஷாட் ஒன்றுகூட அதில் ஏறுவதில்லை.

5ஆம் நம்பர்

இவர் பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறார். சித்தூர் பகுதி கேரளாவிலேயே அதிகம் பால் கறக்கும் பகுதிகளில் ஒன்று. சாயங்காலப் பாலை அளந்து, கொழுப்புச் சோதனை எழுதி, கேன்களை வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் சைக்கிளை எடுக்க முடியும். அதனால் சாயங்கால ஆட்டங்களில் முதல் குவார்ட்டரில் அவர் இருக்கமாட்டார். பெயர் பட்டியலில் இருந்தால் தாமதமாக வந்தும் ஆடலாம் என்பதால் இரண்டாம் குவார்ட்டரில் இறங்குவார். கோர்ட் ஓரத்தில் சட்டையைக் கழற்றி ஜெர்சியை மாட்டிக்கொண்டு, டேபிளுக்கு வந்து "இறங்கறனுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு நிற்பார். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

ஆய்வுக்கு இது ஒரு பெரிய வசதியாக அமைந்தது. ஒரே அணி, ஒரே எதிரணி, ஒரே நாள், அவர் இல்லாத நேரம் ஒரு பக்கம், இருக்கும் நேரம் மறுபக்கம். இப்படி ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பு தானாக வராது.

ஃபிபா ஷீட்டில் ஓடும் ஸ்கோர் என்று ஒரு பத்தி உண்டு. ஒன்றிலிருந்து எண்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். ஆட்டத்தின் ஓட்டத்தில் அடிக்கும் ஃபீல்டு கோல் விழுந்தால் சாய்கோடு போட்டுப் பக்கத்தில் ஆட்டக்காரர் நம்பர், ஃப்ரீ த்ரோ என்றால் கறுப்புப் புள்ளி, த்ரீ என்றால் நம்பரைச் சுற்றி ஒரு வட்டம். 1, 3ஆம் குவார்ட்டர்களுக்குச் சிவப்பு மை, 2, 4க்கு நீலம். ஆட்டக்காரர் இறங்கினால் அவர் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி. எப்போது இறங்கினார், எப்போது வெளியே போனார் என்று எழுத இடமே இல்லை. அதனால் நான் ஓடும் ஸ்கோர் பத்தியில் 5ஆம் நம்பர் இறங்கும்போதும் வெளியேறும்போதும் பென்சிலில் ஒரு சின்னக் கோடு போட்டு வந்தேன். இரண்டு கோடுகளுக்கு நடுவில் இரண்டு அணிகளும் எவ்வளவு எடுத்தன என்று கழித்துப் பார்த்தால் போதும். தொழில்முறை லீக்குகளில் பிளஸ் மைனஸ் என்று சொல்வது இதைத்தான்.

நான் அப்படிக் குறித்த சாயங்கால ஆட்டங்களில், அவர் இறங்கும்போது அணி பின்தங்கியோ சமமாகவோ இருந்தது. அவர் இருந்த நேரத்தில் மேலே வந்தது. ஒரு சந்தேகம் நியாயமாகவே வரும்: இரண்டாம் குவார்ட்டரில் எதிரணிக்குக் களைப்பு வந்திருக்கலாம் அல்லவா? அதற்காகக் காலை ஆட்டங்களைப் பார்த்தேன். காலையில் பால் வேலையை ஆறு மணிக்கே முடித்துவிட்டு முதல் பூசைக்கும் வந்துவிடுவார், ஆரம்பத்திலிருந்தே ஆடுவார். அந்த ஆட்டங்களில் அணி முதல் குவார்ட்டரிலேயே முன்னால் இருந்தது. களைப்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது.

இத்தனைக்கும் அவர் அதிகம் புள்ளி எடுப்பவர் இல்லை. உயரமும் குறைவு. அவர் செய்வது மூன்று வேலை. எதிரணியில் பந்தைத் தட்டிக்கொண்டு வரும் கார்டு என்ற ஆட்டக்காரர் ஏறிவரும்போது பக்கவாட்டுக் கோட்டை நோக்கி ஒதுக்கிக்கொண்டே போவார். எட்டு வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும் என்பதால் அந்தப் பையன் அவசரப்படுவான். அப்புறம், ஆட்டத்தின் வேகத்தைக் கையில் வைத்திருப்பார். 24 வினாடிக் கடிகாரம் இல்லாத கோர்ட்டில் இது பெரிய ஆயுதம். முன்னால் இருக்கும்போது ரெஃப்ரியின் கை உயரும்வரை பந்தைச் சுற்றவிட்டு, கடைசியில் சரியான ஆளுக்குக் கொடுப்பார். மூன்றாவது, சார்ஜ் வாங்குவது, அதாவது தாக்க வருகிறவர் தன்மேல் மோதி ஃபவுல் செய்யும்படி வழியில் நிற்பது. அதை இறுதி ஆட்டத்தில் விவரமாகச் சொல்கிறேன்.

14ஆம் நம்பர்

இவரும் 5ஆம் நம்பரின் அணிதான், அந்தப் பங்கின் உபதேசியார். வயது நாற்பதைத் தாண்டியவர். ஞாயிறு பூசைக்கு முன்னால் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்துவிட்டு, பூசையில் வாசகம் வாசித்துவிட்டு, வேட்டியை மாற்றிக்கொண்டு கோர்ட்டுக்கு வருவார். ஓட்டம் குறைவு. பந்தை எடுத்துக்கொண்டு எதிர்ரிங்குக்கு ஓடும் ஃபாஸ்ட் பிரேக்கில் அவரைப் பார்க்கவே முடியாது. பார்க்கிறவர்கள், "ஐயாவுக்குப் பதிலா ஒரு சின்னப் பையனை எறக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள்.

அவருடைய ஆட்டம் முழுக்க இடுப்பில் இருக்கிறது. எதிரணி ஷாட் அடித்த மறுகணம் எல்லாரும் தலையைத் தூக்கிப் பந்தைப் பார்ப்பார்கள். இவர் பந்தைப் பார்க்கமாட்டார். தனக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமான ஆளைத் தேடித் திரும்பி, முதுகை அவன் நெஞ்சில் வைத்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்த மாதிரி நின்றுவிடுவார். கை இரண்டும் வெளியே விரிந்திருக்கும், யாரையும் பிடிக்காது. அந்த ஆள் எவ்வளவு குதித்தாலும் இவருக்குப் பின்னால்தான் குதிக்க முடியும். பந்து தரையில் விழும், இல்லாவிட்டால் அணியின் பள்ளிக்கூடப் பையன் யாராவது வந்து எடுத்துக்கொள்வான். பாக்ஸ் அவுட் என்பது எல்லாப் பயிற்சியாளரும் சொல்லித் தருகிற பாடம்தான். ஒரு தொடர் முழுக்க, ஒரு ஷாட்டைக்கூட விடாமல் அதைச் செய்யும் ஆளை அமெச்சூர் ஆட்டத்தில் காண்பது கஷ்டம்.

இங்கேதான் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. தவறி வரும் பந்தை எடுக்கும் ரீபவுண்டை நாம் எண்ண ஆரம்பித்தாலும் உபதேசியார் பெயர் வராது. பந்தை எடுத்த பையன் பெயர்தான் வரும். 5ஆம் நம்பர் எதிரணியை அவசரப்படுத்திப் பறித்த பந்துகளையாவது ஸ்டீல் என்று எண்ணலாம். பாக்ஸ் அவுட்டுக்குத் தொழில்முறை ஆட்டத்தின் வழக்கமான பாக்ஸ் ஸ்கோர் என்ற புள்ளிவிவரத் தாளிலும் பத்தி கிடையாது. ஆட்டத்தைத் தெரிந்த ஒருவர் ரிங்குக்கு முன்னால் இருக்கும் லேனை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் அது கண்ணில் படும்.

தாக்குதலில் அவர் செய்வது ஸ்க்ரீன். 5ஆம் நம்பரை மறிக்கிறவனின் வழியில் போய் அசையாமல் நிற்பார். காலை அகட்டுவதில்லை, இடுப்பைச் சாய்ப்பதில்லை. அசைந்தால் ஃபவுல் என்று அவருக்குத் தெரியும். தொடரில் அவர்மேல் அந்தக் காரணத்துக்காக விசில் ஊதியதை நான் பார்க்கவில்லை.

இறுதி ஆட்டத்தின் கடைசி குவார்ட்டர்

ஆட்டத்தின் முதல் மூன்று குவார்ட்டரை வேகமாகத் தாண்டிவிடலாம். 10ஆம் நம்பர் தன் இஷ்டத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார், அவர் அணி முன்னால் இருந்தது, 5ஆம் நம்பர் வந்தபின் இடைவெளி மெல்லக் குறைந்தது. நாலாவது குவார்ட்டரில்தான் ஆட்டம் திரும்பியது.

10ஆம் நம்பர் வலது விங்கில் பந்தை வாங்கினார். மறித்த பையன் ஷாட்டுக்குப் பயந்து நெருங்கி நின்றான். அவனை ஒரே தட்டில் தாண்டி லேனுக்குள் வந்தார். அவரைப் பிடிக்க வேண்டியவன் பின்னால் விழுந்துவிட்டான். அந்த நேரத்தில் 5ஆம் நம்பர் தன் ஆளை விட்டுவிட்டு, ரிங்கிலிருந்து நல்ல தூரம் தள்ளி, வழியில் வந்து நின்றார். இரண்டு காலும் தரையில், கைகள் நெஞ்சோடு சேர்த்து, முகம் தாக்க வருகிறவரைப் பார்த்து. சட்டம் கேட்பது இவ்வளவுதான்: எதிரியைப் பார்த்து, இரண்டு காலையும் ஊன்றி, அவர் மோதும் முன் அந்த இடத்தைப் பிடித்திருக்க வேண்டும். ரிங்குக்கு நேர்கீழே அரைவட்டத்துக்குள் நின்றால் சார்ஜ் கிடையாது. அந்த வட்டம் கோர்ட்டில் இல்லாததால் எங்கே முடிகிறது என்று ரெஃப்ரி ஆட்டத்துக்கு முன்னால் கேப்டன்களிடம் அடியால் அளந்து காட்டியிருந்தார். 5ஆம் நம்பர் அதைக் கவனமாகப் பார்த்து வைத்திருந்தார் என்பது அவர் நின்ற இடத்தைப் பார்த்தாலே புரிந்தது.

தோள் நெஞ்சில் மோதியது. சிமென்டில் மல்லாக்க விழுந்தார். விசில். ரெஃப்ரி முஷ்டியை மடக்கி மறு உள்ளங்கையில் குத்திக் காட்டினார்: தாக்கியவர் ஃபவுல். பந்து ரிங்குக்குள் விழுந்திருந்தும் கணக்கில் சேரவில்லை. 5ஆம் நம்பர் எழுந்தபோது முழங்கையில் தோல் உரிந்திருந்தது. ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார், துணியைக் கட்டிக்கொண்டு ஆட்டத்துக்குத் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் அதே மாதிரி இன்னொரு மோதல், இன்னொரு விசில். அது 10ஆம் நம்பரின் நாலாவது ஃபவுல். ஐந்தானால் வெளியே. அவர் கோச் உடனே அவரை உட்காரவைத்தார்.

ஷீட்டில் இந்த இரண்டு சம்பவமும் எப்படி இருக்கின்றன தெரியுமா? 10ஆம் நம்பர் பெயருக்கு நேரே இரண்டு 'பி'. ஃபவுல் செய்தவர் பெயர் மட்டும்தான் ஏறும், அதை வாங்கியவர் பெயருக்கு அங்கே இடமில்லை. தொடரிலேயே அதிகப் புள்ளி எடுத்தவரை முக்கியமான நேரத்தில் பெஞ்சில் உட்காரவைத்தது யார் என்று அந்தத் தாளைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது.

கடைசி இரண்டு நிமிடத்துக்கு 10ஆம் நம்பர் திரும்பி வந்தார். ஐந்தாவது ஃபவுலுக்குப் பயந்து மறிப்பதில் ஒரு அடி தள்ளி நின்றார். இதை முதலில் கண்டுகொண்டவர் உபதேசியார். "தம்பி, இந்தப் பக்கம் வா" என்று 5ஆம் நம்பரைக் கூப்பிட்டார். 10ஆம் நம்பர் மறிக்கும் பக்கத்தில் போய் ஸ்க்ரீன் வைத்தார். 10ஆம் நம்பர் அதில் மோதினால் ஃபவுல், சுற்றிப் போனால் தாமதம். அவர் சுற்றிப் போனார். 5ஆம் நம்பர் உள்ளே நுழைந்து, உயரமான ஆள் தன்னை நோக்கி வரும்வரை காத்திருந்து, பக்கத்தில் நின்ற பையனிடம் பந்தைத் தள்ளினார். ரிங்குக்குப் பக்கத்திலிருந்தே போடும் லே-அப். அணி ஒரு புள்ளி முன்னால் போனது. ஷீட்டில் அந்தப் பையனின் நம்பர் ஏறியது. வேண்டிய நம்பர்தான், ஆனால் அவன் கைக்குப் பந்து வருவதற்குள் இரண்டு பேர் வேலை முடிந்திருந்தது.

கடைசி ஷாட் 10ஆம் நம்பருக்கே கிடைத்தது. வலது கார்னர், அவருக்குப் பிடித்த இடம். கோட்டுக்குப் பின்னால் கால் சரியாக இருந்தது, ரிலீசில் ஒரு குறையும் இல்லை. காற்று எவ்வளவு தள்ளியது என்று யாரும் அளக்கவில்லை. பந்து ரிங்கின் தூரத்து விளிம்பில் பட்டு இடதுபக்கம் போனது. கார்னரிலிருந்து தவறும் ஷாட் பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் போகும். உபதேசியார் அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே எதிரணியின் உயரமான ஆளை முதுகில் வாங்கி நின்றிருந்தார். பந்து அவர்கள் இருவருக்கும் முன்னால் தரையில் ஒரு முறை குதித்தது. ஒன்பதாம் நம்பர் பையன் ஓடிவந்து வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். நேரம் முடிந்தது.

பெண்கள் பிரிவு

பெண்கள் ஆட்டங்கள் குறைவாகவே வைக்கப்பட்டன, அணிகளும் குறைவு. அதில் 8ஆம் நம்பராக ஆடிய நர்சிங் மாணவி என் கணக்கில் இந்தக் கோடையின் முழுமையான ஆட்டக்காரர். இரண்டு கையாலும் லே-அப் போடுவார். ஆடும்போதே சக ஆட்டக்காரர்களுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தமிழிலும் மலையாளத்திலும் சொல்லிக்கொண்டே இருப்பார். தோற்கும் ஆட்டத்திலும் அந்தக் குரல் குறையவில்லை. பெண்களுக்கு 6ஆம் சைஸ் பந்துதான் விதி. இருந்தது 7ஆம் சைஸ் மட்டும், அதிலேயே ஆடினார்கள். பெரிய பந்தில் அவர் ஷாட் ரிங்குக்கு எட்டாமல் போனபோதெல்லாம் எனக்கு வருத்தமாக இருந்தது. கோட்டயம் பக்கத்திலிருந்து வந்து இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய கீது அன்னா ஜோஸைக் கொடுத்த மாநிலம் இது. கேரளப் பெண்கள் கூடைப்பந்தின் பெருமையைத் தெரிந்துகொண்டு, ஒரு பந்துகூட வாங்கிக் கொடுக்காமல் இருக்கக் கூடாது. பெண்கள் பிரிவுக்குச் சிறந்த ஆட்டக்காரர் பரிசே வைக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

பரிசு முடிவான விதம்

கமிட்டிக் கூட்டத்தில் நடந்த வாதம் கேட்கத் தகுந்தது. ஒரு பெரியவர் சொன்னார்: "புள்ளின்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. தாள்ல இருக்குது. மனசுக்குப் பட்டதை வெச்சுக் குடுத்தா, அந்தப் பங்குக்காரங்க அவங்காளுக்குக் குடுத்துட்டாங்கன்னு பேச்சு வரும்." இது நியாயமான பயம். பங்குக்குப் பங்கு பழைய மனத்தாங்கல் இருக்கும் இடத்தில் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றை வைத்துப் பரிசு கொடுப்பது சண்டையைத் தவிர்க்கும். அதனால்தான் 10ஆம் நம்பருக்குப் போனது, அவர் அதை வாங்கியதில் தவறே இல்லை. வாங்கிய கையோடு அவர் 5ஆம் நம்பரிடம் போய்க் கட்டைப் பிரித்து முழங்கையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

பெரியவரின் பயத்துக்கு ஒரே பதில், மற்ற வேலைகளையும் தாளில் எண்ணக்கூடியதாக ஆக்குவதுதான். அதற்கு டேபிளில் ஷீட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது ஒரு நோட்டு வேண்டும். அதில் என்ன எழுதலாம் என்று இந்தத் தொடர் காட்டிக்கொடுத்திருக்கிறது. ஆட்டக்காரர் இறங்கி ஏறும் நேரத்து ஸ்கோர், அதற்குப் பென்சில் கோடு போதும். கோல் விழுவதற்கு முன் பந்தைக் கொடுத்தவர் நம்பர். எதிரணி ஃபவுல் எழுதும்போது அதை வாங்கியவர் நம்பரையும் பக்கத்தில் குறிப்பது, இதற்கு ஒரு வினாடிகூட ஆகாது. தவறிய ஷாட்டுக்கு ஒரு சின்னப் பெருக்கல் குறி. பாக்ஸ் அவுட் மட்டும் கஷ்டமான பத்தி. பந்தைப் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது. அதனால் அதற்கென்று ஒருவர் வேண்டும். ஷாட் கிளம்பியதும் பந்தை மறந்துவிட்டு லேனில் யார் யாரை அடைத்து நிற்கிறார்கள் என்று மட்டும் பார்க்க வேண்டும். பழகாதவருக்கு முதல் சில ஆட்டம் தலை தானாக மேலே போய்விடும். இரண்டு பேரை மாறி மாறி உட்காரவைத்தால் பிடிபட்டுவிடும்.

நோட்டு எழுதுகிறவர்கள் அன்று ஆடாத பங்குகளிலிருந்து வர வேண்டும். ஆட்டம் முடிந்தவுடன் இரண்டு கேப்டன்களும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் அங்கேயே கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். தொடர் முடிந்து கமிட்டியில் பேச வேண்டியதில்லை. பெரியவரிடம் இந்த யோசனையைச் சொன்னபோது, "கையெழுத்து இருந்தாச் சரிதானுங்க" என்றார்.

அடுத்த கோடைக்கு முன்னால் கோர்ட்டில் மூன்று வேலை இருக்கிறது. த்ரீ பாயின்ட் கோட்டை 6.75க்கு மாற்றுவது, அரைவட்டம் போடுவது, லேனைப் புதுப்பிப்பது. நல்ல பெயின்ட் கிடைத்தால் இளைஞர் மன்றப் பையன்களே ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடுவார்கள். 6ஆம் சைஸ் பந்து இரண்டு வாங்கப் பங்குத்தந்தை ஒப்புக்கொண்டிருக்கிறார். சாயங்கால ஆட்டத்தை அரை மணி நேரம் தள்ளி வைக்கலாமா என்று 5ஆம் நம்பரின் அணி கேட்டிருக்கிறது. லைட் இருக்கும் கோர்ட்டில் அதற்குத் தடையில்லை. லைட் இல்லாத இரண்டு பங்குகளின் ஆட்டங்களை ஞாயிறு காலைக்கு மாற்றும்படி அட்டவணையைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம்.